15 லட்சம் ரூபாயில் பிஜி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: நாங்கள் வேலூரில் இருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், என் அம்மா என்று நான்கு பேர். அம்மாவுக்கு 66 வயது; சர்க்கரை உண்டு, மூட்டு வலியும் உண்டு. வரும் மே மாதம் 22 நாள் வெளிநாடு போய்வர 15 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். தீவுகளும் பரந்த நிலமும் பார்க்க ஆசை. பார்க்க நினைப்பவை: சிட்னி, மெல்போர்ன், கெய்ன்ஸ் பவளத்திட்டு, உலுரு பாறை, ஆக்லாந்து, ரோட்டோருவா, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்டு, கடைசியாக பிஜியில் இரண்டு தீவுகள். அம்மாவின் தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர் பிஜிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை. சின்ன வயதிலிருந்தே அம்மா அதைக் கேட்டு வளர்ந்தவர். ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் 15 லட்சத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் 24 லட்சம் கேட்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பேரில் 24 லட்சம் கேட்டவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் பதிவு செய்யுங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதிய பட்டியல் முழுவதையும் நான்கு பேர் பார்க்க அந்த அளவு பணம் ஆகும் என்கிறேன். 15 லட்சத்தில் முடிப்பேன் என்றவர் எதையோ உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார். விசாக் கட்டணமாக இருக்கலாம், பெட்டிக் கட்டணமாக இருக்கலாம், மதிய, இரவுச் சாப்பாடாகவும் இருக்கலாம். அவர் தந்த தாளில் 'சேராதவை' என்று கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் பகுதியை முதலில் படித்துப் பாருங்கள்.

பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பலரும் ஓட்டலையும் சாப்பாட்டையும் குறைத்தால் பயணம் மலிவாகிவிடும் என்று நினைக்கிறார்கள். இந்தப் பக்கத்து நாடுகளில் அப்படி இல்லை. இங்கே பணத்தைத் தின்பது நடுவில் ஏறும் விமானங்கள். உங்கள் பட்டியலை வரைபடத்தில் வைத்துக் கோடு போட்டால் சிட்னி – மெல்போர்ன், மெல்போர்ன் – கெய்ன்ஸ், கெய்ன்ஸ் – உலுரு, உலுரு – ஆக்லாந்து, அங்கிருந்து குயின்ஸ்டவுன், குயின்ஸ்டவுன் – பிஜி என்று ஆறு தாவல்கள் வரும். நான்கு பேருக்கு 24 டிக்கெட். பெட்டியோடு சேர்த்து ஒன்றுக்கு 18,000 முதல் 22,000 ரூபாய் என்று வைத்தாலும் நாலேகால் லட்சத்தைத் தாண்டிவிடும். சென்னையிலிருந்து போய்வரும் டிக்கெட் இதில் சேரவே இல்லை. பணத்தைவிடப் பெரிய இழப்பு நாள்கள். பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, விமான நிலையத்தில் காத்திருந்து, இறங்கி, அடுத்த அறையைப் பிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். ஆறு தாவலுக்கு ஆறு நாள். இருக்கும் 22 நாளில் சென்னையிலிருந்து போகவும் வரவும் இன்னும் இரண்டு, மூன்று நாள் கழியும்.

ஆஸ்திரேலியா இந்தியாவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பரப்பளவு கொண்டது. 'அப்படியே உலுருவையும் பார்த்துவிட்டு வரலாம்' என்று நாம் இங்கே எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சிட்னியிலிருந்து உலுருவுக்கு விமானத்திலேயே மூன்றரை மணி நேரம் ஆகும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கி கார் எடுத்தால் 450 கிலோமீட்டர். அந்தப் பகுதியில் வாடகைக் காருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு வைப்பது வழக்கம், அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம். இருட்டிய பிறகு கங்காருக்கள் சாலைக்கு வரும். இரவில் மோதினால் பல ஒப்பந்தங்களில் காப்பீடு செல்லாது. பாறைக்குப் பக்கத்தில் தங்குவதற்கு யுலாரா என்ற ஒரே ஒரு சுற்றுலாக் குடியிருப்புதான் இருக்கிறது. போட்டி இல்லாத ஊரில் அறை வாடகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்வதால் உலுரு வேண்டாம் என்று நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 348 மீட்டர் உயரம், சுற்றி நடந்தால் 10 கிலோமீட்டர். அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித இடம் என்பதால் 2019 அக்டோபர் முதல் யாரும் மேலே ஏற முடியாது. கீழே நின்று பார்ப்பதே போதும் என்று அங்கே போனவர்கள் உணர்வார்கள். மே மாதம் அங்கே பகலில் இதமாகவும் இரவில் நல்ல குளிராகவும் இருக்கும். சிக்கல் பணத்தில்தான். நான்கு பேருக்கு சிட்னியிலிருந்து போய்வர விமானம் 90,000, மூன்று இரவு அறை 84,000, சாப்பாடு, பூங்காக் கட்டணம், உள்ளூர் பஸ் என்று சேர்த்தால் அந்த மூன்று நாள் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

உலுருவை எடுத்துவிட்டால் ஆஸ்திரேலியாவில் உங்களுக்கு மிஞ்சுவது சிட்னியும் மெல்போர்னும். நல்ல நகரங்கள்தான். ஆனால் நான்கு பேருக்கு ஆஸ்திரேலிய விசாவுக்கே 50,000 ரூபாய்க்கு மேல் கட்டி, பெருநகர அறை வாடகையும் கொடுத்து, தீவும் பரந்த நிலமும் பார்க்கக் கிளம்பியவர்கள் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டுமா? கெய்ன்ஸ் பவளத்தையும் விட்டுவிடலாம். பிஜியில் பல தீவுகளில் கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்திலேயே பவளம் இருக்கிறது. அதனால் என் யோசனை, இந்த முறை ஆஸ்திரேலியாவை முழுவதுமாக விடுங்கள். நியூசிலாந்தின் தென் தீவும் பிஜியும் போதும். 18 நாள். மீதி நான்கு நாளை ஊருக்குத் திரும்பி வந்து தூங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு அது தேவைப்படும். ஆஸ்திரேலியாவுக்கு இன்னொரு வருடம் தனியாகப் போகலாம். அந்தப் பயணத்துக்குச் சென்னையிலிருந்து டிக்கெட் இதைவிட எளிதாகக் கிடைக்கும்.

நியூசிலாந்தின் வட தீவையும் சேர்க்கலாமே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். ரோட்டோருவாவின் வெந்நீர் ஊற்றுகள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அதற்கு ஒரு விமானம், இரண்டாவது கார், குறைந்தது மூன்று இரவு வேண்டும். மலை, ஏரி, பனியாறு, ஆளில்லாத சமவெளி எல்லாம் தென் தீவிலேயே ஒரே சாலையில் வருகின்றன.

சரி, பாதை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக தென் தீவின் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்குங்கள், திரும்பும்போது பிஜியின் நாடியிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சென்னை. இறங்கும் ஊர் ஒன்று, ஏறும் ஊர் வேறொன்று. டிக்கெட் தளங்களில் 'பல ஊர்' என்ற இடத்தில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். சாதாரணமாகப் போய்வரும் டிக்கெட்டைவிடச் சற்றுக் கூடினாலும், கிறைஸ்ட்சர்ச்சுக்கே திரும்பி வரும் செலவு மிஞ்சும். நடுவில் குயின்ஸ்டவுன் – ஆக்லாந்து – நாடி என்ற ஒரே தாவல். அதையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் உங்கள் கணக்கில்தான் போகும். சிங்கப்பூரிலும் இதே கதை. தனி டிக்கெட் என்றால் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி கொடுக்கவேண்டி வரலாம், அதற்குக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும், அப்போது சிங்கப்பூர் விசா பற்றிய கேள்வி எழும். கொஞ்சம் மலிவு என்பதற்காக அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சிக்கலுக்குள் போக வேண்டாம்.

முதலில் நியூசிலாந்து, அப்புறம் பிஜி என்று வைத்ததற்குக் காரணம் வானிலை. மே மாதத்தில் தென் தீவு இலையுதிர்காலத்தின் கடைசியில் இருக்கும், நாளாக நாளாகக் குளிர் ஏறும். பிஜியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம், மே மாதத்தில் வறண்ட பருவம் தொடங்குகிறது. ஆகவே ஒன்றில் முன்னால் போவதும் மற்றதில் பின்னால் போவதும் நல்லது. ஏப்ரல் கடைசியில் கிளம்ப நினைக்காதீர்கள். அந்த நாட்களில் நியூசிலாந்தில் போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாள் விடுமுறை வரும், சில வருடங்களில் பள்ளி விடுமுறையும் சேரும் என்பதால் வாடகை கூடும். மே முதல் வாரம் முடிந்து கிளம்பினால் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு, பள்ளி திறப்பதற்குள் வீட்டுக்கும் வந்துவிடலாம்.

நியூசிலாந்தில் ஒன்பது இரவு. முதல் இரவு கிறைஸ்ட்சர்ச். இரவு முழுக்க விமானத்தில் வந்தவர் அன்றைக்கே காரோட்டக் கூடாது. காரை மறுநாள் காலை எடுங்கள். அடுத்து டெக்காபோ என்ற சிற்றூரில் இரண்டு இரவு. 225 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கிருந்து ஒரு பகல் புகாக்கி ஏரிக் கரையோரமாக அவோராக்கி மலையடிவாரம் வரை போய் வரலாம். 3,724 மீட்டர், அந்த நாட்டின் மிக உயரமான மலை. உங்கள் கடிதத்தில் 'பரந்த நிலம்' என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அது இந்த மெக்கன்சி சமவெளியில் கிடைக்கும். அம்மாவால் நடக்க முடியாவிட்டாலும் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இரவில் இன்னொரு காட்சி. 2012 முதல் இந்தப் பகுதி வானத்தின் இருளைப் பாதுகாக்கும் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தெரு விளக்குகள்கூட வெளிச்சம் மேலே போகாதபடிதான் இருக்கும். தொலைநோக்கி வழியாகக் காட்டுகிறோம் என்று ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் கேட்கும் நிகழ்ச்சிகள் உண்டு. நிலவில்லாத இரவாக இருந்தால், ஊருக்குச் சற்று வெளியே காரை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு இறங்கி நின்றாலே உங்கள் மகள் பால்வீதியைப் பார்ப்பாள். செலவில்லை. தேதி குறிப்பதற்கு முன் அமாவாசை எப்போது என்று நாட்காட்டியைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் டே அனாவ் என்ற ஏரிக்கரை ஊரில் மூன்று இரவு. இந்த ஒரு நாள் பயணம் மட்டும் நீளம், ஏறக்குறைய 400 கிலோமீட்டர். காலையிலேயே கிளம்பி குரோம்வெல்லில் மதியம் சாப்பிட்டுப் போங்கள். மே மாதம் அங்கே காலை எட்டு மணி வாக்கில்தான் விடியும், மாலை ஐந்தேகாலுக்கு இருட்டத் தொடங்கும். நம்மூர் நெடுஞ்சாலை வேகத்தை மனதில் வைக்காதீர்கள். கைபேசி வரைபடம் ஐந்தரை மணி நேரம் என்றால், நிறுத்தி நிறுத்திப் போகும் குடும்பத்துக்கு எட்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். ஒரு வண்டி மட்டும் போகும் பாலங்கள் வரும், எந்தப் பக்கத்துக்கு முன்னுரிமை என்று பலகையில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது நமக்கு வசதி.

டே அனாவில் மூன்று இரவு எதற்கு என்றால், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் மில்ஃபோர்டுக்காக. பெரும்பாலோர் குயின்ஸ்டவுனில் தங்கி ஒரே நாளில் மில்ஃபோர்டு போய் வருகிறார்கள். போக 288 கிலோமீட்டர், வர 288. எட்டு, ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், 66 வயதுக்காரருக்கு அது தண்டனை. டே அனாவிலிருந்து 118 கிலோமீட்டர்தான், இரண்டு மணி நேரம். வாடகையும் குயின்ஸ்டவுனைவிடக் குறைவு. மில்ஃபோர்டு உலகிலேயே மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று, வருடத்துக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல். மழை பெய்தால் வருத்தப்பட வேண்டாம், அன்றுதான் பாறைச் சுவர்களில் எங்கு பார்த்தாலும் அருவி இறங்கும். ஆனால் பனி விழுந்தால் சாலையை மூடலாம். மே முதல் நவம்பர் வரை சக்கரத்தில் கட்டும் சங்கிலியோடுதான் போக வேண்டும் என்று எந்த நாளும் அறிவிப்பு வரலாம். கையில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் இன்று மூடியதை நாளை பார்க்கலாம். இந்த ஒரு இடத்துக்குக் காரை எடுக்காமல், டே அனாவிலிருந்து பஸ்ஸும் படகும் சேர்ந்த டிக்கெட் வாங்குங்கள் என்பேன். பனிச்சாலை பழக்கமில்லாத உங்கள் கணவரும் அப்போது ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பார்.

கடைசி மூன்று இரவு குயின்ஸ்டவுன். எல்லாவற்றுக்கும் காசு கேட்கும் ஊர். குதிப்பது, பறப்பது, படகில் சீறுவது என்று ஒவ்வொன்றும் ஆளுக்கு இருநூறு, முந்நூறு டாலர். மகளுக்கு ஏதாவது ஒன்று, அதுவும் அவளே தேர்ந்தெடுத்தது, என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். பக்கத்து ஊர் ஆரோடவுனில் ஒரு பிற்பகல் சும்மா நடக்கலாம்.

தங்குவதற்கு ஓட்டல் தேடாமல், அடுப்படி உள்ள மோட்டல் அறையைத் தேடுங்கள். இரண்டு படுக்கையறை, சின்ன சமையலறை, வாசலிலேயே கார் நிற்கும், படியேற வேண்டாம். ஹாலிடே பார்க் என்ற இடங்களிலும் குடும்பத்துக்கான கேபின்கள் இருக்கும். இரவுக்குச் சராசரி 14,000 ரூபாய் வைத்திருக்கிறேன். காலையும் இரவும் சமைத்து மதியம் மட்டும் வெளியே சாப்பிட்டால் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயில் அடக்கலாம். ஆனால் சமையல் சாமானை இங்கிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டாம். உணவுப் பொருள் எது இருந்தாலும் வருகைப் படிவத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் ஒரு பழம் பையில் இருந்தாலும் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன், விதைகள், பால் சேர்ந்த இனிப்பு, வீட்டில் பொடித்த பொடி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அம்மாக்கள் இதில்தான் கேட்க மாட்டார்கள். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிறைஸ்ட்சர்ச்சில் இந்தியக் கடைகளில் கிடைக்கும். முதல் நாள் வேலையே அதுதான் என்று வையுங்கள். காலணியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிஜி. அம்மாவுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக பிஜிக்குப் போனது 1879 முதல் 1916 வரை. மொத்தம் 60,000 பேருக்கு மேல். முதலில் கல்கத்தாவிலிருந்துதான் கப்பல்கள் போயின. சென்னையிலிருந்து ஆட்கள் ஏற்றப்பட்டது 1903 முதல். வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள், எனவே உங்கள் குடும்பக் கதை நடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம், கப்பல் பெயர் எல்லாம் அதில் உண்டு. அந்தச் சீட்டுகள் தலைநகர் சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நேரில் போய் நின்றால் ஒரு நாளில் தேடிவிட முடியாது. இப்போதே அம்மாவிடமும் அவருடைய உறவினர்களிடமும் உட்கார்ந்து பெயர், தகப்பன் பெயர், கிராமம், எந்த வருட வாக்கில் போனார் என்பதை எழுதி வாங்குங்கள். பெயரை வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், ஆகவே நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டி அனுப்புங்கள். இரண்டு, மூன்று மாதம் முன்பே காப்பகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். சுவாவில் இருக்கும் நாள் சனி, ஞாயிறாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடியிலிருந்து சுவாவுக்கு 190 கிலோமீட்டர், தெற்குக் கடற்கரையோரமாக நான்கு மணி நேரம். பஸ் இருக்கிறது, மலிவு. நான்கு பேர் என்பதால் டாக்சி பேசுவதும் கட்டுப்படியாகும். முதல் இரவு நாடி, இரண்டு இரவு சுவா, மூன்று இரவு ஒரு தீவு, கடைசி இரவு மறுபடி நாடி என்று ஏழு இரவு. அந்தக் கடைசி இரவைக் குறைத்துவிடாதீர்கள். காற்று அடித்தால் படகு நிற்கும், தீவிலிருந்து நேராக விமானத்துக்கு ஓடும் திட்டம் போடக் கூடாது. நாடி கடைத்தெருவின் முனையில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. நம்மூர்க் கோபுரம், நம்மூர் வண்ணம், இப்போதுள்ள கட்டடம் 1994-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியர்கள் 1926-ல் தொடங்கிய சங்கம் அங்கே பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் கூலிகளின் வழிவந்த குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிஜி இந்திதான். அம்மா தமிழில் பேசி யாரும் பதில் பேசாவிட்டால் மனம் கலங்கக்கூடும், போகும் முன்பே சொல்லி வையுங்கள். சாப்பாட்டுக்கு நாடியிலும் சுவாவிலும் கவலையே இல்லை. பருப்பு, ரொட்டி, சைவக் குழம்பு எல்லாம் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

தீவுகளில் ஒன்று போதும், இரண்டு வேண்டாம். நாடிக்குப் பக்கத்திலுள்ள மாமனுக்கா தீவுகளுக்குப் படகில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். யசாவா தீவுகள் இன்னும் அழகு என்பார்கள், உண்மைதான், ஆனால் அவற்றில் பலவற்றுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பல இடங்களில் படகுத்துறை கிடையாது. நடுக்கடலில் பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாறி, கரைக்கு வந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு அது சரிவராது. மாமனுக்காவிலும் 'உங்கள் தீவில் படகுத்துறை இருக்கிறதா' என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். தீவு ரிசார்ட்டுகளின் அறை வாடகையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். வெளியே கடை எதுவும் கிடையாது என்பதால் சாப்பாட்டுத் திட்டத்தைக் கட்டாயமாக்கியிருப்பார்கள், பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 100 பிஜி டாலருக்கு மேல். படகுக் கட்டணம் தனி. மூன்று இரவுக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் வரை வரும். இந்தப் பயணத்திலேயே அதிக விலையுள்ள நாள்கள் அவைதான், அதனால்தான் மூன்றோடு நிறுத்துகிறேன்.

மொத்தக் கணக்கு இப்படி வருகிறது. ஆஸ்திரேலிய டாலர் 65 ரூபாய், நியூசிலாந்து டாலர் 55, பிஜி டாலர் 42 என்று சற்றுக் கூட்டியே வைத்துப் போட்டிருக்கிறேன், வங்கி பிடிக்கும் கமிஷனும் அதற்குள் அடங்கும். எல்லா விமானங்களுக்கும் 6 லட்சம். நியூசிலாந்து விசாவுக்கு 1 லட்சம் ஒதுக்குங்கள். விசாக் கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் சுற்றுலா வரியும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிஜியில் முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லை. அறைகளுக்கு, தீவின் சாப்பாட்டோடு சேர்த்து, 3 லட்சம். கார், பெட்ரோல், பிஜி டாக்சி 75,000. சாப்பாடு 80,000. மில்ஃபோர்டு பஸ்ஸும் படகும், தீவுப் படகு, மகள் கேட்பது எல்லாம் சேர்ந்து 1 லட்சம். காப்பீடு, குளிர் உடை, சிம் கார்டு வகையில் 70,000. கூட்டினால் 13 லட்சத்து 25 ஆயிரம். மீதியில் ஒன்றரை லட்சத்தை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். நோய், விமான ரத்து, சாலை மூடல் என்று ஏதாவது வந்தால் மட்டும் அதில் கை வைக்கலாம். சிட்னியும் உலுருவும் இதோடு சேர்ந்தால் 18 லட்சம் ஆகும். அந்த மூன்று லட்சத்தைக் கடனாக வாங்கிப் போகும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கார் விஷயத்தில் சில எச்சரிக்கைகள். கணவரின் பெயரில் உண்மையான கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. முழுக் காப்பீடு எடுக்காவிட்டால் சில ஆயிரம் டாலரை அட்டையில் முடக்கி வைப்பார்கள். டீசல் வண்டி எடுத்தால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சாலை வரி தனியாக வரும், அதனால் பெட்ரோல் வண்டி கேளுங்கள். கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்துக் குயின்ஸ்டவுனில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுவது நல்லது, ஒரு வருடத்துக்குச் செல்லும்.

எதை முதலில் செய்வது என்றால், பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். பிஜிக்கு ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். பிறகு ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளாக எல்லா ஊரிலும் பதிவு செய்யுங்கள். பிப்ரவரியில் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். சேமிப்புக் கணக்கில் பணம் சில மாதங்களாகவே இருப்பது தெரிய வேண்டும். விண்ணப்பிக்கும் வாரத்தில் மொத்தமாக வந்து விழுந்த பணம் சந்தேகத்தைக் கிளப்பும். நான்கு பேருக்கும் விசா கையில் வந்த பிறகே திரும்பாத பணத்தை விமான டிக்கெட்டுக்குக் கட்டுங்கள். காத்திருப்பதில் டிக்கெட் ஆளுக்குச் சில ஆயிரம் ஏறலாம், ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால் போகும் தொகையோடு பார்த்தால் அது சிறியது.

அம்மாவின் காப்பீட்டில் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். தீவிலிருந்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்ததா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் வேறு பாலிசி எடுங்கள். மாத்திரைகளை அவற்றின் அட்டையோடும் மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஏஜென்ட் வழியாகத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு வரியையும் முதலிலேயே பிடிப்பார்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணம் சில மாதம் உங்கள் கையில் இருக்காது. விகிதம் என்ன என்று கேட்டு, பான் எண் யாருடையது என்பதையும் பார்த்து, கணவர், நீங்கள் இருவரில் வரிக் கணக்கு தாக்கல் செய்பவர் பெயரில் பில் போடச் சொல்லுங்கள்.